ஒரு மலைக்கு ஒரு பல்லி

சுவரிலும் பாறையிலும்

மாலையில் லயத்து இஸ்தோப்பில் விளக்கைப் போட்டதும் கூரை இடுக்கிலிருந்து பல்லிகள் இறங்கி வருவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார். வெளிச்சத்தை நாடி வரும் ஈசலையும் பூச்சியையும் அவை காத்திருந்து பிடிக்கும், விடிந்தால் மறைந்துவிடும். அதே தோட்டத்தில் தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்துக்குப் போய், மரநிழலில் கிடக்கும் பெரிய பாறைகளின் அடிப்பக்கத்தைக் காலை பத்து மணிக்கு உற்றுப் பார்த்தால் இன்னொரு பல்லி தென்படலாம். விரல் நீளம்கூட இராது. சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான உடல். அசையாமல் இருக்கும்வரை அதைக் கல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆள் நெருங்கினால் பாறையின் மறுபக்கம் ஓடி, ஒரு வெடிப்புக்குள் புகுந்துவிடும்.

இரண்டும் பல்லிதான். இரண்டும் பூச்சி தின்கின்றன, இரண்டும் தடவைக்கு இரண்டு முட்டைகளே இடுகின்றன. அப்படியிருந்தும் லயத்துச் சுவரில் வாழும் இனத்தைக் கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் காணலாம். கப்பல் சரக்கோடு போய்ப் பசிபிக் தீவுகளிலும் அது குடியேறிவிட்டது. பாறைப் பல்லியின் கதை நேர் எதிரானது. சிவனொளிபாதமலைச் சரிவில் ஓர் இனம், இறக்குவானை மலைகளில் வேறோர் இனம். இடையில் இருப்பது கடலும் இல்லை, பாலைவனமும் இல்லை; ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் சில தோட்டங்களும் ஊர்களும் மட்டுமே. நான்கு கால் உள்ள ஒரு பிராணியால், இலட்சக்கணக்கான ஆண்டுகள் கையிலிருந்தும், பக்கத்து மலைக்குப் போய்ச் சேர ஏன் முடியவில்லை? இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைத்தான் பின்தொடர்கிறது. விடை பல்லியின் கால்களில் இல்லை. அது வாழும் கல்லின்மேல் விழும் நிழலில் இருக்கிறது என்பதே இங்கே வைக்கப்போகும் வாதம்.

பகலுக்குத் திரும்பிய குடும்பம்

பல்லிக் குடும்பத்தின் மூதாதைகள் இரவு வேட்டைக்காரர்கள். பெரும்பாலான பல்லிகளின் கண்மணி பகலில் நெடுக்கான கீறலாகச் சுருங்கி, இரவில் அகல விரிவது அந்த வாழ்க்கைக்கான ஏற்பாடு. அந்தக் குடும்பத்திலிருந்து சில கிளைகள் மட்டும் பகலுக்குத் திரும்பின. நம் பாறைப் பல்லி அவற்றுள் ஒன்று. அதன் கண்மணி வட்டமானது. இவ்வகையைப் பகற்பல்லி என்று இந்நூலில் அழைப்போம். அறிவியலில் இதன் பேரினப் பெயர் நெமாஸ்பிஸ். 1887இல் ஸ்ட்ராவுக் என்ற விலங்கியலாளர் அப்பெயரை இட்டார்.

காலும் வேறு. வீட்டுப் பல்லியின் விரல்களுக்கு அடியில் அகன்ற மடிப்புகள் உண்டு. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான மயிரிழைகள் இருப்பதால் அது கண்ணாடியிலும் ஏறும், சுண்ணாம்பு பூசிய சுவரிலும் ஏறும். பகற்பல்லிக்கு அந்த மடிப்புகள் இல்லை. மெலிந்து நீண்ட விரல்கள், நுனியில் நகம். சொரசொரப்பான கல்லையும் மரப்பட்டையையும் அது நகத்தால் பற்றிக்கொள்கிறது. சப்ரகமுவ மலைகளின் பாறைகள் அதற்குத் தோதானவை. இலங்கையின் மத்திய மேட்டுநிலத்தை ஆக்கிய மிகப் பழைய உருமாறிய பாறைகள் மழையிலும் வேரிலும் வெடித்துச் சிதைந்து, உடையாத உள்கற்களைச் சரிவெங்கும் உருண்டைகளாக விட்டுவைத்துள்ளன. இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளில் இல்லம் என்னும் சரளைப் படுகையில் அகழ்ந்தெடுக்கும் இரத்தினக்கற்களும் இதே மலைகளின் பாறைகள் கரைந்து இறங்கியபோது வந்தவையே. ஆகவே பகற்பல்லிக்குக் கல் பஞ்சமில்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பாறை இல்லாத தோட்டம் ஒன்றைக் காண்பது அரிது. இது முக்கியமான குறிப்பு. பாறைதான் இந்தப் பல்லியின் வாழிடம் என்றால், அது எல்லா இடத்திலும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மலைகள்

ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்து நிதானமாகப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டு கெலும் மனமேந்திர ஆராச்சி, சுதேஷ் பட்டுவிட்ட, ரொஹான் பெத்தியாகொட ஆகிய மூவரும் இலங்கைப் பகற்பல்லிகளை முழுமையாக மீளாய்ந்து வெளியிட்டனர். அதுவரை இந்நாட்டின் பகற்பல்லி இனங்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். 1852இல் கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்த கண்டிப் பகற்பல்லியின் பெயரையே தீவின் பல மூலைகளில் பிடிபட்டவற்றுக்கும் இட்டு வந்தார்கள். செதில்களின் அமைப்பையும் தொடையின் அடியில் வரிசையாக உள்ள துளைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது. 2007இல் பெயர் பெற்றவற்றுள் இரண்டு நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு நெருக்கமானவை: சிவனொளிபாதமலையின் நெமாஸ்பிஸ் சமனலென்சிஸ், இறக்குவானை மலைகளின் நெமாஸ்பிஸ் புல்க்ரா.

இந்த இரு மலைகளுக்கும் இடையே நேர்கோட்டில் 45 கிலோமீட்டர் அளவே தூரம். சிவனொளிபாதத்தின் உச்சி 2243 மீட்டர். இறக்குவானைத் தொடரின் உச்சிகள் 1300 மீட்டரைச் சற்றே தாண்டுகின்றன. நடுவில் களு கங்கையும் அதன் கிளையாறுகளும் ஓடும் தாழ்நிலம். இரத்தினபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. இறக்குவானைத் தொடர் மத்திய மலைநாட்டின் தொங்கலாகப் படத்தில் தெரிந்தாலும், நிலத்தில் அது தனியே நிற்கும் மேடு. மலையேறும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறைகிறது. நகரத்தில் ஆண்டுச் சராசரி 27 பாகை என்று கொண்டால், 1000 மீட்டர் உயரத்தில் அது 22ஐ நெருங்கும். ஐந்து பாகை நமக்கு ஒரு போர்வைச் சமாச்சாரம். இரண்டு கிராம்கூட எடையில்லாத, தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத ஒரு பிராணிக்கு அது வேறொரு நாடு.

பகற்பல்லி மட்டும் இப்படி என்றால் தற்செயல் என்று ஒதுக்கலாம். மூக்கில் கொம்புள்ள ஓணான்களைப் பாருங்கள். உலகில் இலங்கையில் மட்டுமே உள்ள பேரினம் அது. ஓர் இனம் மத்திய மலைநாட்டின் குளிர்ந்த உயரங்களில், ஓர் இனம் நக்கிள்ஸ் மலைகளில், இன்னோர் இனம் தாழ்நில மழைக்காட்டில். இறக்குவானை மலைகளில் மட்டும் இரண்டு இனங்கள். இரண்டும் 1998இல் பெயர் பெற்றன, வேறெங்கும் இல்லை. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஊர்வன ஒரே எல்லைக்கோடுகளை மதித்து நிற்கின்றன என்றால், எல்லை பிராணிக்குள் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

ஒரு கல்லின் பகல்

இப்போது நிலத்தை நெருங்கிப் போய் ஒரே ஒரு பாறையைப் பார்ப்போம். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் திறந்த பாறைமேல் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. கருத்த பாறை அதைக் குடித்து 50 பாகைக்கு மேலும் சூடேறும். தோட்டத்தில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதே பாறை அடர்ந்த மழைக்காட்டின் கூரைக்குக் கீழே இருந்தால், வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரையை எட்டும். 1000 வாட் 10 அல்லது 20 வாட் ஆகிவிடுகிறது. கல் நாள் முழுதும் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது. இரவில் வாங்கிய குளிர்ச்சியை வெடிப்புகள் மதியம்வரை வைத்திருக்கின்றன. பாசி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. பாறையைச் சுற்றிச் சில சாண் அகலத்துக்கு உருவாகும் இந்தத் தனித்த வெப்ப-ஈர நிலையை நுண்காலநிலை என்பார்கள். வானொலியில் சொல்லும் வானிலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தாலும், திறந்த பாறையின் முதுகு மழை விட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

சிறிய உடல் இங்கே பெரிய பாதகம். கரண்டியில் எடுத்த தேநீர் குவளையில் உள்ளதைவிடச் சீக்கிரம் ஆறுவதுபோல, சிறிய உடல் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஈரமும் இழக்கும். சிறு பல்லிகளின் உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது. மழைக்காட்டில் பழகியவற்றின் வரம்பு இன்னும் கீழே. 2009இல் ரேமண்ட் ஹியூயியும் உடன் ஆய்ந்தோரும் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்: திறந்தவெளிப் பல்லிகள் வெயிலில் குளித்தும் நிழலில் ஒதுங்கியும் தம் உடல்வெப்பத்தைச் சரிசெய்கின்றன, வெப்பமண்டலக் காட்டுப் பல்லிகளோ சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை அப்படியே ஏற்று வாழ்கின்றன. காட்டின் நிழல் எப்போதும் இருந்ததால் வெயிலைச் சமாளிக்கும் பழக்கம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். திறந்த பாறையானாலும் அதன் ஆழமான வெடிப்பு குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? வெயில் ஏறியதும் உள்ளே போய் இருந்துகொண்டால் போதாதா? உயிர் தப்ப அது போதும். வாழப் போதாது. பகற்பல்லி பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணிவரை அது வெடிப்புக்குள் அடைபட்டிருந்தால், எறும்பும் கறையானும் சிலந்தியும் வெளியே நடமாட, இது பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் பெண் பல்லி முட்டையிடாது. 2010இல் பாரி சினெர்வோவும் பல நாட்டு ஆய்வாளர்களும் மெக்சிகோவில் 200 இடங்களில் முன்பு பதிவான ஓணான் கூட்டங்களைத் தேடிச் சென்றபோது, 1975க்குப் பிறகு அவற்றில் 12 சதவீதம் அழிந்திருந்தன. வெப்பம் நேரே கொன்றதற்கான தடயம் அங்கே முதன்மையானதாக இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே வர முடியாமல் போயிற்று என்பதே எந்தக் கூட்டம் அழிந்தது, எது பிழைத்தது என்பதை விளக்கியது.

தொடக்கக் கேள்வியின் ஒரு பாதிக்கு இதிலேயே விடை இருக்கிறது. வீட்டுப் பல்லி இரவில் வேட்டையாடுவதால், திறந்த நிலத்தின் வெயில் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. அது வெளியே வரும் நேரத்தில் வெட்டவெளியும் குளிர்ந்திருக்கும். பகலில் ஓர் இருட்டு இடுக்கு மட்டும் கிடைத்தால் போதும். அதை மனிதர்கள் ஊருக்கு ஊர் கட்டிவைத்திருக்கிறார்கள். பகலைத் தேர்ந்துகொண்ட பல்லிக்கோ, தான் நடமாடும் நேரமும் நிலம் கொதிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. நிழல் உள்ள இடம்வரைதான் அதன் உலகம்.

வெளிச்சமும் வறட்சியும் போட்ட வேலி

பழைய காலத்தில் பள்ளத்தாக்கிலும் காடு இருந்ததே, அப்போது மலைக்கு மலை போயிருக்கலாமே என்று கேட்பது நியாயம். பனியுகங்களில் வெப்பமண்டலமும் சில பாகை குளிர்ந்தது. மேட்டுநில உயிர்களுக்குப் பள்ளத்தாக்குகள் திறந்த வழியாகியிருக்க வேண்டும். இங்கே பெரிய அளவில் இயற்கையே செய்துகாட்டிய ஒரு சோதனை நமக்கு உதவுகிறது. ஏறத்தாழ 20000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை மிக ஆழமற்றது. அது முழுதும் தரையாகி, இலங்கை தமிழகத்தோடு ஒட்டியிருந்தது. கடந்த ஐந்து இலட்சம் ஆண்டுகளில் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. அப்படியானால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு உயிர்களும் இலங்கையின் ஈரக்காட்டு உயிர்களும் கலந்திருக்க வேண்டும். பிராங்கி போசுயிட் தலைமையில் 2004இல் வெளியான ஆய்வு மரத்தவளைகள், மண்ணுக்குள் வாழும் பாம்புகள், நன்னீர் மீன்கள், நண்டுகள் எனப் பல கூட்டங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தது. கலப்பு மிகக் குறைவு. தரைப்பாலம் இருந்தும் பெரும்பாலானவை கடக்கவில்லை.

காரணம் அந்தப் பாலத்தின் தன்மை. மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் இன்று இருப்பதுபோன்ற வறண்ட, முட்புதர் நிறைந்த நிலம்தான் அன்றும் நடுவில் கிடந்திருக்கும். யானைக்கும் சிறுத்தைக்கும் அது பாதை. ஈரநிழலில் மட்டும் வாழ்வதற்கு அது சுவர். பனியுகம் குளிர்ச்சியைக் கொண்டுவந்தாலும் நம் பகுதியில் பருவமழையைத் தளர்த்தி வறட்சியையும் கொண்டுவந்தது. ஆகவே பள்ளத்தாக்கின் வழி திறந்த அதே காலத்தில் ஈரம் என்ற கதவு மூடியது. சிவனொளிபாதத்துக்கும் இறக்குவானைக்கும் இடையில் எப்போதாவது வழி திறந்திருக்கத்தான் வேண்டும். இரு இனங்களும் ஒரே கிளையில் வந்த உறவுக்காரர்கள் என்பதே அதற்குச் சான்று. ஆனால் திறந்த காலங்களைவிட மூடிய காலங்கள் நீண்டவை. மூடிய காலத்தில்தான் உறவினர் இனங்களாகப் பிரிகிறார்கள்.

கல்லில் ஒட்டிய முட்டை

பகற்பல்லியின் முட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வெள்ளை உருண்டை. சுண்ணம் ஏறிய கெட்டி ஓடு. பெண் அதைப் பாறை வெடிப்பின் உட்சுவரில் இரண்டிரண்டாக ஒட்டிவைக்கிறது. வசதியான வெடிப்பைப் பல பெண்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பழைய ஓடுகளின் தடங்களுக்குப் பக்கத்தில் புதிய முட்டைகள் இருக்கும். ஓணானும் அரணையும் தோல் போன்ற மென்மையான ஓட்டில் முட்டையிடுவதால் அவற்றுக்கு ஈரமண் தேவை. கெட்டி ஓட்டுக்கு அது வேண்டாம். உள்ளே உள்ள நீர் எளிதில் வெளியேறாது. வீட்டுப் பல்லி சரக்குப் பெட்டிக்குள் முட்டையாகவே கடல் கடந்ததற்கு இந்த ஓடு பெரிய காரணம்.

அப்படியானால் அதே ஓடு பகற்பல்லியையும் பரப்பியிருக்க வேண்டாமா? ஓடு வறட்சியைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. கல்லோடு ஒட்டிய முட்டை கல்லின் வெப்பத்தை அப்படியே வாங்குகிறது. தாய் வெயிலுக்குப் பயந்து நகர்ந்துபோகலாம், முட்டையால் முடியாது. நிழல் மரம் ஒன்று விழுந்து, பாறையின் ஒரு பக்கத்தில் சில வாரங்களுக்கு நேர்வெயில் பட்டால், வளர்ந்த பல்லிகள் பக்கத்துக் கல்லுக்குப் போய்விடும். அந்தப் பருவத்தின் முட்டைகள் போய்விடும். தாண்டி வேறிடம் சேர்ந்தாலும், முட்டை ஒட்ட ஒரு குளிர்ந்த வெடிப்பு அங்கே இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கு அடுத்த தலைமுறை இல்லை. ஒரு பாறைக்கூட்டத்தில் பல்லியைக் கண்டால் மட்டும் அது அங்கே வாழ்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே சரியான கேள்வி.

தேயிலையும் இறப்பரும் ஏலமும்

இந்த மலைகளின் நிழலுக்கு நேர்ந்த பெரிய மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து இறப்பர் பரவி, கேகாலை, இரத்தினபுரித் தாழ்மலைகளை மூடியது. வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட நம் முன்னோர். அந்த உழைப்பின் விலையை அவர்கள் உயிரால் கொடுத்தார்கள் என்பது தனியே எழுத வேண்டிய வரலாறு. பாறைகள் மட்டும் வெட்டப்படவில்லை. மண்வெட்டிக்கு மசியாதவற்றை விட்டுவிட்டு, சுற்றிலும் நட்டார்கள். ஆகவே பல்லியின் கல் அப்படியே இருக்கிறது. அதன் கூரைதான் போயிற்று. கொழுந்து எடுப்பவர் இடுப்பளவில் கவாத்துச் செய்த தேயிலைச் செடி ஒரு மனித உயரப் பாறைக்கு நிழல் தராது. இடையிடையே நிற்கும் முள்முருக்கையும் வெளிச்சத்துக்காகக் கிளை கழிப்பார்கள்.

இறப்பர் இன்னும் கடினமான மறுப்பு. பால் வெட்டும் காட்டுக்குள் பகலிலும் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது? கூரை இருக்கிறது, நிழல் இருக்கிறது, பாறையும் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதிக்கு இது உண்மை. ஆனால் இறப்பர் மரம் ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களை ஒட்டி இலை முழுவதையும் உதிர்க்கும். சப்ரகமுவவில் மழை மிகக் குறைந்த மாதங்களும் அவையே. வானம் தெளிந்து, காற்று காய்ந்து, வெயில் நேரே இறங்கும் அதே வாரங்களில் கூரை திறந்துகொள்கிறது. ஓர் உயிரினத்தின் கதியை ஆண்டுச் சராசரி தீர்மானிப்பதில்லை. மிக மோசமான இரண்டு மூன்று வாரங்கள் தீர்மானிக்கின்றன. பதினொரு மாத நல்ல நிழல், வெடிப்பில் வெந்துபோன முட்டையைத் திருப்பித் தராது. மழைக்காட்டின் மரங்கள் ஒன்றாக இலை உதிர்ப்பதில்லை. நூறு இனம் கலந்து நிற்பதால் ஒன்று மொட்டையாகும்போது மற்றது மூடிக்கொள்ளும். நிழலின் அளவைவிட அதன் இடைவிடாமைதான் பெறுமதியானது.

ஏலக்காய் இதைத் தலைகீழாக நிரூபிக்கிறது. ஏலம் நிழலில் வளர்வதால் அதைப் பயிரிடுவோர் கீழ்த்தட்டுச் செடிகளை அகற்றினாலும் மேல்மரங்களை விட்டுவைக்கிறார்கள். சிங்கராஜா வனத்தின் கிழக்கில் உள்ள மோர்னிங்சைட் ஒரு காலத்தில் தேயிலையும் ஏலமும் விளைந்த தோட்டம். இன்று வேறெங்கும் காணாத கொம்பு ஓணான்களும் தவளைகளும் பல்லிகளும் அந்தப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டம் என்ற சொல் ஒன்றானாலும் கூரையை எடுத்த பயிருக்கும் கூரையை விட்ட பயிருக்கும் இடையே இந்தப் பல்லிக்குப் பெரிய தூரம் உண்டு. ஏலமும் தீங்கற்றதில்லை, மரக்கன்றுகளையும் களையாக அகற்றுவதால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகான கூரை அங்கே வளர்வதில்லை.

வீட்டுச் சுவரில் கண்டேனே

காட்டோரத்து வீட்டுச் சுவர்களிலும் மலைக்குகை விகாரைகளிலும் பகற்பல்லிகள் காணப்படுவதுண்டு. இதைக் காட்டி, அவை எதற்கும் பழகிக்கொள்ளும், கவலை வேண்டாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்தச் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று கவனிக்க வேண்டும். குகை விகாரை பெரும்பாறையின் அடியில், மரங்கள் சூழ, மழைநீர் வடியப் பாறை விளிம்பில் வெட்டிய காடியோடு அமைந்தது. அதைவிடக் குளிர்ந்த கல்லை மனிதர் தேர்ந்ததில்லை. காட்டோரத்து வீட்டின் சொரசொரப்பான சிமெந்துச் சுவரும் மரநிழலில் இருந்தால் பல்லிக்கு இன்னொரு பாறைதான். சுவரை ஏற்றுக்கொள்வதால் அது ஊரை ஏற்றுக்கொண்டதாகாது. கல் எதுவானாலும் சம்மதம், நிழல்தான் வேண்டும் என்ற நம் வாதத்துக்கு இது சாட்சியாகவே நிற்கிறது.

பெயர்கள் பெருகியது உண்மைதானா

இன்னொரு மறுப்பு ஆய்வாளர்களுக்குள்ளேயே எழுந்தது. 2006 வரை விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த பகற்பல்லி இனங்கள் இன்று இலங்கையில் 40ஐ ஒட்டி நிற்கின்றன. மலைக்கு மலை பெயர் வைக்கும் ஆர்வத்தில் சிறு வேறுபாடுகளையெல்லாம் இனமாக்கிவிட்டார்களோ? 2017இல் இஷான் அகர்வாலும் உடன் ஆய்ந்தோரும் இந்த ஐயத்தையே தலைப்பாக்கி, மரபணு வழியே விடை தேடினார்கள். இலங்கைப் பகற்பல்லிகள் ஒன்றோடொன்று நேரடி உறவில்லாத இரண்டு கிளைகளாக இருப்பது அதில் உறுதிப்பட்டது. ஒவ்வொரு கிளைக்குள்ளும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த வம்சங்கள் உண்டு. பெயரளவில் வேறாகவும் மரபணுவில் மிக நெருக்கமாகவும் உள்ளவையும் உண்டு. ஆகவே ஐயம் பகுதியாக நியாயமானது. சில பெயர்கள் நாளை ஒன்றாகச் சேரக்கூடும். ஆனால் சேர்ந்தாலும் கேள்வி மாறாது. 40 என்பது 25 ஆனாலும், சில நூறு கிலோமீட்டர் நீளத் தீவில் 25 பகற்பல்லி இனங்கள் ஏன் என்பதை விளக்கியே ஆகவேண்டும். ஒரு தீவுக்குள் நிழலால் ஆன பல தீவுகள் இருக்கின்றன என்பதைவிடச் சிறந்த விளக்கம் இதுவரை முன்வைக்கப்படவில்லை என்பதே என் கருத்து.

உச்சிக்கு மேல் இடமில்லை

காற்று ஒரு பாகை சூடானால், பழைய குளிர்ச்சியைத் தேடி ஏறத்தாழ 170 மீட்டர் மேலே ஏற வேண்டும். 100 மீட்டருக்கு 0.6 பாகை என்ற கணக்கிலிருந்து யாரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். சிவனொளிபாதத்தில் 1000 மீட்டரில் வாழும் பல்லிக்கு மேலே இன்னும் 1200 மீட்டர் இருக்கிறது. இறக்குவானையில் அதே உயரத்தில் வாழ்வதற்கு 300 மீட்டர்தான் மிச்சம். இரண்டு பாகையில் அது தீர்ந்துவிடும். அங்கே உள்ள இனம் வேறெங்கும் இல்லாததால், அந்த மலையில் தீர்வது உலகத்தில் தீர்வதாகும்.

உலகின் வெப்பத்தை ஒரு தோட்டத்தால் குறைக்க முடியாது. ஒரு பாறையின் வெப்பத்தைக் குறைக்க முடியும். நேர்வெயிலுக்கும் காட்டு நிழலுக்கும் கல்லின் மேல் உள்ள வேறுபாடு 20 பாகைக்கும் மேல் என்று பார்த்தோம்; காலநிலை மாற்றத்தின் இரண்டு மூன்று பாகைக்கு எதிரே இது பெரிய கையிருப்பு. சப்ரகமுவத் தோட்டங்களில் பயிருக்கு உதவாத பாறைக்கூட்டங்களும் ஓடைக்கரைகளும் ஏராளம். அவற்றில் பலவற்றைச் சுற்றிப் பழைய காட்டு மரங்கள் சில இன்னமும் நிற்கின்றன. ஆபத்து வருவது மறுநடுகையின்போது. முப்பது ஆண்டு போல் பால் தந்த இறப்பர் மலையை ஒரே வீச்சில் பிடுங்கும்போது, பாறையோரத்து மரங்களும் விறகாகப் போய்விடுகின்றன. புதிய கன்று கூரையாக வளர ஆறேழு ஆண்டாகும்.

எவ்வளவு அகலத்துக்கு மரங்களை விட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையை ஒட்டி இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தின் அளவுக்கே நீளும். ஆகவே பாறையின் கிழக்கிலும் மேற்கிலும் ஒரு மர உயர அகலத்துக்கு, ஒன்றாக இலை உதிர்க்காத கலப்பு மரங்கள் நின்றால் வேட்டை நேரம் முழுதும் கல் காக்கப்படும். நண்பகலுக்குப் பாறையின் மேலேயே கவியும் கிளை வேண்டும். வடக்கிலும் தெற்கிலும் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை; அந்தப் பக்கம் தேயிலையோ இறப்பரோ வழக்கம்போல நடலாம். மறுநடுகைக்கு வரைபடம் தயாரிக்கும் நாளிலேயே அந்தப் பாறைகளைக் குறித்துவைத்தால் தோட்டத்துக்கு இழப்பு சில மரங்களின் விறகும் நடக்கூடிய சிறிதளவு நிலமும் மட்டுமே.